கலுங்கு என்றொரு பிழை

2012இல் என் சிறுகதை ஒன்று சிற்றிதழில் அச்சாகி வந்தபோது, அதிலிருந்த ஒரே பெரிய பிழையைக் கண்டுபிடித்தவர் என் தாய்மாமா. அவர் இலக்கிய வாசகர் அல்லர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வானம் பார்த்த பூமியில் மிளகாயும் குதிரைவாலியும் போட்டுக் காலம் தள்ளியவர். எங்கள் ஊர் வீரசோழனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சந்தைக்கு வீரசோழன், தாலுகா அலுவலகத்துக்குத் திருச்சுழி, துணிமணிக்கு அருப்புக்கோட்டை என்று வாழ்கிற ஊர். கதையில் ஒரு மழைக்கால இரவு வருகிறது. கண்மாய் நிரம்பி மிகுதி நீர் வெளியேறுகிறது. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

"மாப்ள, கம்மா கலங்கிப் பாஞ்சதுன்னு போட்டிருக்க. கலுங்கு பாஞ்சதுன்னுல்ல சொல்லுவோம்? நீயும் சேந்துதான அன்னிக்குக் கரையில நின்ன?"

நானும் நின்றேன். கலுங்கு என்றுதான் எழுதவும் செய்தேன். கண்மாய் நிறைந்தபின் கரை உடையாமல் மிகுதி நீரை வழியவிடுவதற்காகக் கட்டப்பட்ட கல்வரிசைக்குக் கலுங்கு என்று பெயர். கலிங்கு, கலிங்கல் என்றும் எழுதுவார்கள். இராமநாதபுரம் சீமையில் ஓர் ஆண்டு நல்ல ஆண்டா கெட்ட ஆண்டா என்பதை "கலுங்கு பாஞ்சதா?" என்ற ஒரு கேள்வியில் கேட்டு முடித்துவிடலாம். அந்தச் சொல்லுக்குக் கீழேதான் கணினி சிவப்பு நெளிகோடு ஒன்றை இழுத்திருந்தது. வலப்பக்கம் சொடுக்கியதும் பரிந்துரைப் பட்டியலில் முதலாவதாக "கலங்கு" நின்றது. நள்ளிரவு கடந்த நேரம். பிழை என்று ஒரு கருவி சொல்லும்போது நமக்குள் இருக்கும் பழைய பள்ளிமாணவன் உடனே தலைகுனிந்துவிடுகிறான். நான் சம்மதித்தேன். "கலங்கு பாய்ந்தது" என்பதில் பொருள் இல்லாததைக் கண்ட மெய்ப்புத் திருத்துநர் அதைக் "கலங்கிப் பாய்ந்தது" என்று சீராக்கினார். அவர்மீது குற்றம் சொல்ல முடியாது. தன் கடமையைத்தான் செய்தார். இரண்டு நல்லெண்ணங்கள் சேர்ந்து ஒரு கண்மாயின் கலுங்கைப் பெயர்த்தெடுத்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்புக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினேன்.

நான் பயன்படுத்துவது லிப்ரெஆபிஸ். அதற்குள் பிழை பார்க்கும் வேலையைச் செய்வது ஹன்ஸ்பெல் என்ற நிரல். ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ நெமெத் தன் தாய்மொழிக்காக எழுதியது. 2006இல் ஓப்பன்ஆபிஸில் இடம்பெற்றது. பின்னர் பயர்பாக்ஸ், குரோம் உலாவிகளுக்குள்ளும் சென்றது. ஹங்கேரிய மொழியும் தமிழைப் போல விகுதிமேல் விகுதியாக ஒட்டிக்கொண்டே போகும் மொழி. ஆங்கிலத்துக்குப் போதுமானதாக இருந்த பழைய பிழைதிருத்திகள் அதற்குப் போதவில்லை. ஒரு சிறிய மொழிக்காரருக்குத் தன் மொழிமேல் இருந்த கவலையின் பயன் நம் வீட்டுக் கணினிவரை வந்திருக்கிறது.

ஹன்ஸ்பெல்லுக்கு ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு கோப்புகள் வேண்டும். இரண்டும் சாதாரண உரைக்கோப்புகள். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். ஒன்றில் வேர்ச்சொற்கள் வரிசையாக இருக்கும். முதல் வரியில் மட்டும் மொத்தம் எத்தனை சொற்கள் என்ற எண் இருக்கும். இன்னொன்றில் ஒட்டு விதிகள். ஒரு விதி மூன்று செய்திகளைச் சொல்லும்: சொல்லின் கடைசியில் எதை வெட்ட வேண்டும், எதை ஒட்ட வேண்டும், எத்தகைய சொல்லுக்கு இது பொருந்தும். "மரம்" என்பதில் மகர மெய்யை வெட்டி "த்தில்" ஒட்டினால் மரத்தில். "காடு" என்பதில் டுகரத்தை வெட்டி "ட்டில்" ஒட்டினால் காட்டில். பள்ளியில் குற்றியலுகரப் புணர்ச்சி என்று மனப்பாடம் செய்து மறந்துபோனதெல்லாம் இங்கே வெட்டு, ஒட்டு என்று இரண்டே சொற்களில் திரும்ப வந்து நின்றது. தமிழுக்கும் இத்தகைய கோப்புகளைத் தன்னார்வலர்கள் ஊதியம் ஏதுமின்றி உருவாக்கித் தந்திருக்கிறார்கள். அவற்றில் கலுங்கு இல்லையே என்று குறைபடுவது நியாயமாகாது. எதை வைத்துச் சொற்களைத் திரட்டினார்களோ, அந்த எழுத்துக்குள் எங்கள் ஊர் இருந்திருக்காது.

இந்த இரண்டும் பொதுச் சொத்து. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது நம்முடையது. வலச்சொடுக்கில் வரும் "அகராதியில் சேர்" என்ற வரியை அழுத்தும்போதெல்லாம் அந்தச் சொல் ஒரு தனிக் கோப்பில் சென்று அமர்கிறது. 2012 முதல் நான் அப்படிச் சேர்த்துக்கொண்டே வந்தேன். கரம்பை, பருத்திமார், கொட்டான், வெஞ்சனம், மம்பட்டி, கீதாரி. வீரசோழனின் முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் சாப்பிட்டு வளர்ந்த நாவுக்கு ஆணம் என்ற சொல் பழக்கம். குழம்புக்கு அங்கே அதுதான் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி குறித்து வைத்திருக்கும் பழைய சொல் அது. கணினி அதற்கும் கோடு போட்டது. சேர்த்தேன். அம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது காதில் விழும் சொற்களை, கதைக்குத் தேவைப்படாவிட்டாலும், ஒரு வெற்றுப் பக்கத்தில் தட்டி, கோடு விழுந்தால் சேர்த்துவிட்டு, பக்கத்தைச் சேமிக்காமல் மூடிவிடுவேன். சொல்லைப் பத்திரப்படுத்திவிட்டதாக நினைப்பு. 2017இல் அம்மா இறந்தார்.

2019இல் மடிக்கணினி பழுதாகிக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கேட்டுக்கொண்டபடியே என் ஆவணங்களையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவித் தந்தார். கதைகள் எல்லாம் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு.

அந்தக் கோப்பு ஆவணங்கள் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விண்டோஸில் நம் பெயரிலுள்ள அடைவுக்குள் ஆப்டேட்டா என்றொரு அடைவு உண்டு. அது மறைக்கப்பட்டது, மறைந்தவற்றைக் காட்டு என்று கோப்பு உலாவியிடம் சொன்னால்தான் கண்ணுக்குப் படும். அதற்குள் ரோமிங், அதற்குள் லிப்ரெஆபிஸ், அதற்குள் 4 என்ற எண் (மென்பொருளின் பதிப்பு 24ஐ எட்டிய பிறகும் இந்த 4 மாறவில்லை), அதற்குள் யூசர், கடைசியாக வேர்ட்புக். அங்கேதான் ஸ்டாண்டர்ட்.டிக் என்ற பெயரில் நம் சொற்கள் குடியிருக்கின்றன. மைக்ரோசாப்ட் வேர்ட் பயன்படுத்துவோருக்கு அதே ரோமிங்குக்குள் மைக்ரோசாப்ட், அதற்குள் யூப்ரூப், அங்கே கஸ்டம்.டிக். இரண்டையும் பென் டிரைவில் பிரதி எடுத்து வைக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் ஏழு ஆண்டுகளில் எனக்குக் கிடைக்கவில்லை.

இழந்தது எவ்வளவு என்று யோசித்துக்கொண்டு சில நாட்கள் சும்மா இருந்தேன். எத்தனை சொற்கள் இருந்தன என்று எண்ணி வைத்ததில்லை. பிறகொரு நாள் அந்தச் சிவப்புப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் எளிய உண்மை புரிந்தது. இதற்கு முன் சிவப்பில்லாமல் இருந்து, இன்று சிவப்பாகியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் நான் சேர்த்த சொல். தொலைந்துபோன பட்டியலைக் கணினியே அடிக்கோடிட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறது. கதைகளையும் கட்டுரைகளையும் வரிசையாகத் திறந்து, கோடு விழுந்த சொற்களை ஒரு நோட்டில் கையால் எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. தொள்ளாயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான சொற்கள் தேறின.

அந்த நோட்டு எனக்கு மகிழ்ச்சியை மட்டும் தரவில்லை. "முயற்ச்சி" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். றகர ஒற்றுக்குப் பின் இன்னோர் ஒற்று வராது என்பது பாலபாடம். ஏதோ அவசரத்தில் அதையும் அகராதியில் சேர்த்திருக்கிறேன். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அந்தப் பிழைக்கு என் கணினி காவல் நின்றிருக்கிறது. இப்படி இருபதுக்கு மேல் கிடைத்தன. ஊர்ச்சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்ற பெருமிதத்தில் என் அறியாமையையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறேன். எது வழக்கு, எது வழு என்று தீர்மானிக்கும் வேலையைக் கருவியிடமிருந்து பிடுங்கிக்கொண்டால், அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும் கடமையும் நம்மிடம் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. "கொளுஞ்சி" என்ற சொல்லைப் பட்டியலில் மீண்டும் சேர்த்த பிறகும் பழைய கதை ஒன்றில் அதற்குக் கோடு மறையவில்லை. வயலுக்குத் தழையுரமாகும் செடியின் பெயர். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன், வேறுபாடு தெரியவில்லை. அந்தக் கதை 2000களின் தொடக்கத்தில் வேறொரு குறியாக்கத்தில் தட்டச்சாகி, பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாக எழுதலாம். கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். தரநிலை இரண்டையும் சமமென்றே கொள்கிறது, கண்ணுக்கும் ஒன்றுதான். குறியீட்டைக் குறியீட்டோடு ஒப்பிடும் பிழைதிருத்திக்கு மட்டும் அவை இரு வேறு சொற்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டுவதும், துணைக்காலுக்குப் பதில் ரகரம் போடுவதும் இதே வகைத் தொல்லைகள். பழைய கோப்புகளைச் சொற்பட்டியலாக்க நினைப்பவர்கள் முதலில் இவற்றைத் தேடி மாற்றிவிடுவது நல்லது.

நோட்டிலிருந்து திரும்பக் கணினிக்கு ஏற்றும்போது மற்றொரு சோம்பேறித்தனமும் வெளிப்பட்டது. கலுங்கு ஒரு சொல் என்றால் கலுங்கில், கலுங்குக்கு, கலுங்கின், கலுங்கிலிருந்து, கலுங்கும் எல்லாமே தனித்தனியாக என் பட்டியலில் இருந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கோடு விழ, ஒவ்வொரு முறையும் சேர்த்திருக்கிறேன். பொது அகராதியில் உள்ள சொல்லுக்கு விதிகள் உண்டு. என் சொற்களுக்கு விதி இல்லை. அவை பட்டியலில் இடம் பெற்றன, மொழிக்குள் இடம் பெறவில்லை.

இதற்கு ஒரு வழி 2018இல் வந்த லிப்ரெஆபிஸ் 6.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. மொழி அமைப்புகளில் எழுத்துதவிப் பகுதிக்குச் சென்று புதிய அகராதி ஒன்றை உருவாக்க வேண்டும். எல்லா மொழிக்கும் பொதுவானதாக விடாமல், அதன் மொழி தமிழ் என்று குறிப்பிட வேண்டும். அதன்பின் ஒரு சொல்லைச் சேர்க்கும்போது பக்கத்துக் கட்டத்தில் ஏற்கெனவே அகராதியிலுள்ள ஒரு மாதிரிச் சொல்லைத் தரலாம். கலுங்கு என்று எழுதிப் பக்கத்தில் கிழங்கு என்று எழுதினால், கிழங்கு எப்படியெல்லாம் திரியுமோ அப்படியெல்லாம் கலுங்கும் திரியும் என்று கருவி எடுத்துக்கொள்கிறது. கீதாரிக்கு வியாபாரி. கரம்பைக்கு மலை. கோப்பைத் திறந்து பார்த்தால் இரு சொற்களுக்கும் நடுவே இரட்டைச் சமக்குறி இருக்கும். நேரடியாக அங்கேயே எழுதலாம். சொற்செயலியை மூடிவிட்டு எழுத வேண்டும், தலைப்பிலுள்ள நான்கு வரிகளைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கலுங்கை நான் கற்றுக்கொண்டதும் விதியால் அன்று. கிழங்கில் என்று சொல்லத் தெரிந்த வாய் கலுங்கில் என்று சொல்ல யாரிடமும் கேட்கவில்லை.

அதே இடத்தில் எதிர்மறை அகராதி என்றும் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதில் போட்ட சொல்லை, அது சரியான சொல்லாகவே இருந்தாலும், கருவி பிழை என்று கோடிட்டு, நாம் சொல்லிவைத்த மாற்றுச் சொல்லைப் பரிந்துரைக்கும். "முயற்ச்சி" இப்போது அங்கே இருக்கிறது. எனக்கு வந்தவுடன் எழுதிவிடத் தோன்றும் தேய்ந்த சொற்கள் சிலவும் அங்கே இருக்கின்றன. அவை எவை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புதிய அகராதிக்குப் பெயர் கேட்டது. வீரசோழன் என்று தட்டினேன். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய ஐந்திலக்கண நூலுக்கு வீரசோழியம் என்று பெயர். அரசன் பெயரால் அமைந்த இலக்கணம் அது. எங்கள் சந்தை ஊரின் பெயரோடு நான் அதற்கு உறவு கொண்டாட வரவில்லை. ஆனாலும் இலக்கணத்தில் இடம் கிடைக்காத சொற்களுக்கு அந்தப் பெயரில் ஒரு கோப்பாவது இருக்கட்டும் என்று தோன்றியது. பெரிய முன்னோடிகள் இருக்கிறார்கள். கி.ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982இல் வந்தது. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இல். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992இல் வந்து, 2008, 2020 என்று இரண்டு முறை தன்னைத் திருத்திக்கொண்டது. அவற்றின் பக்கத்தில் என் கோப்பை வைக்க முடியாது. ஏன் முடியாது என்பதை ஒரு பெண்பிள்ளைதான் எனக்குச் சொன்னாள்.

தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள்; கதை எழுதிப் பார்க்கிறாள். அவளுடைய மடிக்கணினியில் என் கோப்பைப் போட்டுக் கொடுத்து, இனி ஊர்ப் பேச்சு எழுதினால் கோடு விழாது என்று பெருமையாகச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, கோப்பைத் திறந்து படிச்சேன். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியலை. கொட்டான்னா என்ன? பருத்திமார்னா?"

பனையோலையில் முடைந்த சிறுபெட்டி, பறித்து முடித்த பருத்திச்செடியின் காய்ந்த தண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இதை நீங்க எழுதியே வைக்கலையே மாமா."

அப்போதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டுகளாக நான் சேர்த்தது எழுத்துக்கூட்டலை மட்டுமே. பிழைதிருத்தியின் அகராதி, பெயரில் மட்டும்தான் அகராதி. ஒரு சொல் உண்டா இல்லையா என்பதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மூட்டம் என்று எழுதினால் கோடு விழுவதில்லை. மேகமூட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசித் தீவைத்துக் கரியாக்கும் மூட்டம் எங்கள் பக்கத்துப் பிழைப்பு. அந்த மூட்டம் எழுத்துப் பொருத்தத்தின் பின்னால் சத்தமில்லாமல் மறைந்துகொள்கிறது. கோடு விழுகிற சொல்லுக்காவது ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது.

அம்மாவிடம் கேட்டு, தட்டி, சேர்த்து, சேமிக்காமல் மூடிய பக்கங்களின் சொற்கள் எந்தக் கதையிலும் இல்லை. அவை திரும்ப வரவில்லை. எவை போயின என்று எனக்குத் தெரியாது என்பதுதான் அந்த இழப்பின் தன்மை. அந்தக் கோப்பு பிழைத்திருந்தாலும் பொருள் இல்லாத எழுத்துகளாகத்தான் பிழைத்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அது ஆறுதலா என்று கேட்டால் இல்லை.

இப்போது கோப்புக்குத் துணையாக ஒரு நோட்டு இருக்கிறது. சொல், பொருள், யார் வாயில் கேட்டது, எந்த ஊர் என்று நான்கு பத்தி. மாமாவுக்கு எண்பது நெருங்குகிறது. போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது தங்கை மகளும் வந்திருந்தாள். மூவருமாகக் கண்மாய்க் கரையில் நடந்தோம். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். கலுங்கின் கற்களில் இரண்டு பெயர்ந்து கிடந்தன. ஆடுகள் அவற்றின்மேல் ஏறி இலை எட்டிக்கொண்டிருந்தன. மாமா கைத்தடியால் காட்டினார்.

"இதுதாண்டா தாயி கலுங்கு. இதுல தண்ணி விழுகுற சத்தம் ஊருக்குள்ள கேக்கும்."

அவள் கைபேசியை எடுத்து எதையோ தட்டினாள். எட்டிப் பார்த்தேன். "கலுங்கு" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்த வரியைத் தட்டத் தொடங்கியிருந்தாள்.